மேனேஜரம்மாவின் செண்டை

நிச்சயம் முடிந்த மூன்றாவது வாரம் அவளிடமிருந்து எனக்கு முதல் கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தால் ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. முழுக்க மலையாள எழுத்து.

நான் அப்போது மட்டாஞ்சேரிக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கோவில்பட்டியிலிருந்து வற்றல் மிளகாய் வரவழைத்து விற்கும் எங்கள் கடையில் அண்ணன் என்னை உட்கார வைத்திருந்தார். பேச்சு மலையாளம் ஓரளவு பிடிபட்டுவிட்டது, எழுத்து பிடிபடவில்லை. அவள் பிறந்து வளர்ந்ததே மட்டாஞ்சேரியில். தமிழ்க் குடும்பம்தான். இரண்டு தலைமுறைக்கு முன்னால் தென்காசிப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்டவர்கள். வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் படித்தது மலையாளம். வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் கடைக்கும் அவள் வீட்டுக்கும் அரை கிலோமீட்டர்கூட இருக்காது. கல்யாணத்துக்கு முன் பேசக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால் தபாலில் எழுதியிருந்தாள்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு எதிர்ச் சாயாக்கடைக்குப் போனேன்.

“சேட்டா, இதொண்ணு வாசிச்சுத் தரணும்.”

சாயாக்கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரி வாசித்தார். நிறுத்தினார். திரும்ப முதலிலிருந்து வாசித்தார்.

“எடோ, இது தமிழாணல்லோ! எழுத்து எங்களுது, பாஷை உங்களுது.”

அவருக்குப் பொருள் தெரியாது, ஒலி தெரியும். எனக்கு ஒலி கேட்டால் பொருள் தெரியும். அப்படி ஒருவர் வாசிக்க, ஒருவர் புரிந்துகொள்ள, சாயா குடிக்க வந்த சுமைத் தொழிலாளிகள் நாலு பேர் சிரிக்க, என் வருங்கால மனைவியின் கடிதத்தைக் கேட்டு முடித்தேன். அவள் எழுதியிருந்தது இதுதான்: ‘எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. கல்யாணத்துக்குள் கற்றுக்கொள்கிறேன். உங்களுக்கு என்னென்ன தெரியும் என்று எழுதுங்கள். எனக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன.’

எனக்கு என்ன தெரியும் என்று இரண்டு நாள் யோசித்தேன். மிளகாய் தரம் பிரிக்கத் தெரியும் என்று பதில் எழுதினேன். அதை அவள் யாரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாளோ தெரியாது. அவளுடைய நாலாவது கடிதம் தமிழ் எழுத்திலேயே வந்தது. ரகரமும் றகரமும் இடம் மாறி மாறி உட்கார்ந்திருந்தன. கல்யாணம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து சாக்குமேல் உட்கார்ந்து, “எங்கே, அந்தத் தரம் பிரிக்கிறதைக் காட்டுங்க” என்றாள். பதினைந்து நிமிடத்தில் முப்பது தும்மல் போட்டாள். எழுந்து போகவில்லை. சாயங்காலத்துக்குள் காம்பையும் தோலின் சுருக்கத்தையும் பார்த்து எது போன வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிட்டாள்.

இவளோடு எனக்கு வாழ்க்கை எப்படிப் போகப்போகிறது என்று அன்றைக்கே கொஞ்சம் தெரிந்துவிட்டது.

அவளுக்கு வேலை மேல் வெறுப்பெல்லாம் கிடையாது. வங்கிக்குப் போகும்போது படிய வாரிய தலையும் கஞ்சி போட்ட புடவையுமாக, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரிதான் போவாள். ஆனால் உலகத்தில் மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்று தனக்குத் தெரியவில்லை என்றால் அவளுக்குப் பொறுக்காது. வங்கிக்கு எதிரே கதவு ஜன்னல் செய்யும் ஆசாரி ஒருவர் இருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் பட்டறை வாசலில் நின்று இழைப்புளி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு மாதம் கழித்து உள்ளே போய்விட்டாள். முதலில் செய்தது ஒரு முக்காலி. மூன்று கால் இருந்தால் ஆடாது என்பார்கள், அது ஆடியது. ஆசாரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

“மேடமே, முக்காலிக்கு ஒரு குழப்பமும் இல்லா. தரை சரியில்லா.”

அவர் அப்படிச் சொன்னதே போதும், அடுத்த இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டு அலமாரி, மகள் படித்த மேசை, நான் கடையில் உட்காரும் ஸ்டூல் எல்லாம் அவள் கையால் வந்தன. இந்த வரிகளை எழுதுவதும் அந்த மேசையில்தான்.

அப்புறம் பாஷைகள். மட்டாஞ்சேரியில் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போனால் பாஷை மாறிவிடும். குஜராத்தி வியாபாரிகள், கொங்கணிக்காரர்கள், உருது பேசும் குடும்பங்கள், நாங்கள். எல்லோரும் வங்கிக்கு வருவார்கள். வருகிறவர்களிடமே ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக் கேட்டுப் பிடித்தாள். குஜராத்தி எழுத்துப் பழகுவதற்காகப் பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் முழுவதையும் நிரப்பினாள். அவள் உட்கார்ந்த மூன்றாம் நம்பர் கவுண்டருக்கு முன்னால் மட்டும் எப்போதும் வரிசை நீளமாக இருக்கும். பக்கத்துக் கவுண்டரில் ஆளே இல்லாவிட்டாலும் வயதானவர்கள் நகர மாட்டார்கள். “சாரமில்லா, பரவாயில்ல, நாங்க நிக்கிறோம்” என்பார்களாம். கடைச் செக்கைப் போட நான் போயிருந்தபோது என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒரு கொங்கணிப் பாட்டியிடம் அவள் ஏதோ சொல்ல, அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். என் முறை வந்ததும் மலையாளத்தில், “அடுத்த ஆள்” என்றாள், முன்பின் தெரியாதவனைக் கூப்பிடுவதைப் போல. வெளியே வந்து தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

இப்படி எழுதும்போது நான் எப்போதும் பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தவன் போலத் தோன்றும். அது உண்மையில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

அவள் ஆபீசராகி, திருப்பூணித்துறைக் கிளைக்கு மாற்றலான சமயம். அவளுக்கு நாற்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. அந்த ஊரில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கோவிலில் மேளம் கேட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் வீட்டுக்கு வரும்போதே கைப்பையில் இரண்டு தடித்த குச்சிகள் இருந்தன.

“என்னது இது?”

“புளியங்கம்பு. செண்டை படிக்கப் போறேன். ஆசான் முதல்ல கல்லுல அடிச்சுப் பழகணும்னு சொன்னார்.”

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கப் போட்டிருந்த கருங்கல் துண்டு ஒன்றை வராந்தாவுக்கு உருட்டி வந்தாள். தினமும் காலை ஐந்தரைக்கு அதன் முன்னால் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். முதல் பாடத்துக்குக் கணபதிக் கை என்று பேர். ‘டக் டக் டக்’ என்று அதே பாடம் மாதக் கணக்கில். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “வீடு ஏதும் இடிச்சுக் கட்டறீங்களா?” என்று மரியாதையாகவே கேட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கோவில்பட்டியிலிருந்து அண்ணன் வியாபார விஷயமாக வந்து தங்கினார். இரண்டாவது நாள் காலையில் காபி குடித்துக்கொண்டே, அவள் காதில் விழும்படியாகவே கேட்டார்:

“ஏலேய், மேனேஜர் ஆகவேண்டிய பொம்பள, கொட்டடிக்கவா போறா? ஊர்ல சொன்னா சிரிப்பாணியால்ல போகும்.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அண்ணனிடம் ஒன்றும் சொல்லாமல், அவர் வெளியே போனதும் அவளிடம் பாய்ந்தேன்.

“எதையாச்சும் ஒண்ணை உருப்படியாப் பண்ணு. கூட வேலைக்குச் சேர்ந்தவங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்க. நீ மரம் அறுத்து, குஜராத்தி எழுதி, இப்ப கல்லை அடிச்சுக்கிட்டுக் கெடக்க. பேங்கு வேலையை மட்டும் பாத்திருந்தா இந்நேரம் பெரிய எடத்துல இருந்திருப்ப.”

அவள் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாகி அன்றோடு போயிருக்கும். மறுநாள் காலை வராந்தாவில் கல் இல்லை. பழையபடி பின்பக்கம் போய்விட்டது. அவள் வழக்கம்போல் எழுந்தாள், சமைத்தாள், மகளுக்குச் சாப்பாடு கட்டினாள், பஸ்ஸுக்குப் போனாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். கேட்காததை எதையும் சொல்லவில்லை. அதுவரை சாப்பிடும்போது அன்றைக்குக் கற்றுக்கொண்ட ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் அவள் எழுந்ததே இல்லை.

பத்து நாள் ஓடியது. அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குத்தான் தாங்கவில்லை. பதினோராம் நாள் அவளுக்கு முன்னால் எழுந்து, பின்பக்கம் போய், அந்தக் கல்லை உருட்டத் தொடங்கினேன். நினைத்ததைவிடக் கனம். வராந்தாப் படி ஏற்றுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் வந்து கதவருகில் நின்றாள்.

“கல்லை யாரு இங்கே கொண்டாந்தது?”

“நாந்தான்.”

“எதுக்கு?”

“அலாரம் ரிப்பேர். சத்தம் இல்லாம எந்திரிக்க முடியல.”

பின்பு உள்ளே போய்க் குச்சிகளை எடுத்து வந்தாள். உட்காரும்போது, “இடுப்புக்கு எண்ணெய் போடணுமா?” என்று மட்டும் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். அன்று முழுக்க நிமிர முடியவில்லை.

அரங்கேற்றம் அதற்கு ஒன்றரை வருடம் கழித்து நடந்தது. திருப்பூணித்துறையில் ஒரு சின்னக் கோவில் முற்றம். அவளோடு கற்றுக்கொண்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள், ஓர் ஆட்டோ ஓட்டுநர், இரண்டு நர்ஸுகள், சில குடும்பப் பெண்கள். வங்கி ஆபீசர் அவள் ஒருத்திதான். நான் அண்ணனையும் வரச்சொல்லியிருந்தேன். அவர் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனால் முதல் நாளே வந்து இறங்கிவிட்டார். இரண்டு பேரும் கூட்டத்தின் கடைசியில், செருப்பு கழற்றிப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் நின்றோம்.

பஞ்சாரி மேளம் மெதுவாகத்தான் ஆரம்பிக்கும். கசவுச் சரிகைக் கரை போட்ட புடவையில், இடது தோளில் செண்டையை மாட்டிக்கொண்டு முன் வரிசையில் மூன்றாவதாக நின்றாள். அந்தச் செண்டையை நான் தூக்கிப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம் மாட்டியிருந்தாலே தோள் கழன்றுவிடும். முதல் அரைமணி நேரம் நான் மேளத்தைக் கேட்கவே இல்லை, அவள் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலம் என்று அதில் ஐந்து கட்டங்கள்; ஒவ்வொன்றாக ஏற ஏற வேகம் கூடியது. பக்கத்தில் இருந்த பிள்ளை ஒன்று தடுமாறியபோது அவள் தலையைத் திருப்பாமல் தன் குச்சியைக் கொஞ்சம் அழுத்தி அடித்தாள். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு தாளத்துக்குள் திரும்பி வந்துவிட்டது. ஐந்தாம் காலம் வந்தபோது கூட்டம் முழுவதும் கையைத் தூக்கி வீசிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் என் அண்ணனின் கையும் மேலே இருந்தது.

“ஏலேய்,” என்று என் காதில் கத்தினார், “அவ கை நிக்கவே மாட்டேங்குதேடா!”

முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போனேன். முகமெல்லாம் வியர்வை. புடவையின் தோள்பக்கம் வார் அழுத்திய இடம் நனைந்து கசங்கியிருந்தது.

“வலிக்குதா?” என்றேன்.

“நாளைக்கு வலிக்கும். இன்னைக்கு இல்லா,” என்றாள்.

அண்ணன் வந்து நின்றார். அவரால் மன்னிப்பெல்லாம் கேட்க முடியாது, அப்படி வளர்ந்தவர் இல்லை. அவள் தோளிலிருந்து செண்டையைத் தானே கழற்றி வாங்கி, கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், “எங்க வீட்டுப் பொண்ணு, பேங்குல ஆபீசர்” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு போனார். யாருக்குப் புரிந்ததோ!

அடுத்த வருடம் பதவி உயர்வு நேர்காணல். எறணாகுளத்தில் மூன்று பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் அவளுடைய விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, “பொழுதுபோக்கு என்ற இடத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருக்கிறீர்களே, இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது என்றால் எங்கள் வங்கி உங்களுக்குப் போதுமான வேலை தரவில்லையா?” என்று கேட்டாராம். மற்ற இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

“நீ என்ன சொன்ன?” என்று கேட்டேன்.

“எங்க கிளையில வந்து என் மேசை முன்னால வரிசையப் பாருங்க சார், அப்புறம் கேளுங்கன்னேன்.”

“அவங்க?”

“சிரிப்பு நின்னுபோச்சு. புரொமோஷனும் கிடைக்காது, கேட்டோ.”

அவள் சொன்னபடியே அந்த வருடம் கிடைக்கவில்லை. அதற்காக அவள் சோர்ந்து போகவும் இல்லை, விண்ணப்பத்தைச் சுருக்கவும் இல்லை. மறுவருடமும் அதே பட்டியல்தான், நீச்சல் என்று ஒன்று கூடுதலாக இருந்தது. கிடைத்தது. கிளார்க்காகச் சேர்ந்த அதே மட்டாஞ்சேரிக் கிளைக்கு மேனேஜராக வந்தாள். முதல் நாள் எதிர்ப்பட்டறை ஆசாரி, நன்றாக வயதாகிவிட்டவர், தேக்கில் ஒரு பெயர்ப்பலகை செய்து கொண்டுவந்து கொடுத்தார். அதன் ஓரத்தை இழைத்தது சரியில்லை என்று அவள் சொன்னதாகவும், “ஆமாம் மேடமே, கண்ணு போயி” என்று அவர் ஒத்துக்கொண்டதாகவும், அந்த மதியம் இருவரும் சேர்ந்து அதைத் திரும்ப இழைத்ததாகவும் வங்கிப் பியூன் என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தார்.

ஓய்வுபெற இரண்டு மாதம் இருக்கும்போது வயிற்றில் வலி என்று போனோம். கணையத்தில் புற்று என்றார்கள். மொத்தம் ஐந்து மாதம். அதைப் பற்றி அதிகம் எழுத நான் விரும்பவில்லை. அவளும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஆனால் ஒன்றை எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் தோப்பும்படியிலிருந்து ஒரு பெண் சிகிச்சைக்கு வந்திருந்தார். துறைமுகத்தில் கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுக்கும் வேலை அவருக்கு. சும்மா இருக்க முடியாமல், கட்டில் கம்பியில் நூலைக் கட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார். இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, “நைலான் நூல் ஒரு கண்டு, பின்னே வலை பின்ற ஊசி ஒண்ணு வாங்கிட்டு வாங்க” என்றாள்.

“இப்ப எதுக்கு?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. “எனக்குத் தெரியாதே,” என்றாள்.

வாங்கி வந்தேன். மருந்து ஏறாத கையால் ஊசியைப் பிடித்து, மருந்து ஏறும் கையின் விரலில் நூலை மாட்டி, ஒரு நாளைக்கு ஒரு சாண் பின்னினாள். முதலில் பின்னியதையெல்லாம் அந்தப் பெண் இரக்கமில்லாமல் பிரித்துப் போட்டார். நான் அவர்மேல் கோபப்பட்டேன். என் மனைவி என்மேல் கோபப்பட்டாள். மூன்று வாரம் ஆனபின் ஒருநாள், அந்தப் பெண் வலைத்துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வொரு முடிச்சாகக் கட்டைவிரலால் நெருடிப் பார்த்தார்.

“கொள்ளாம், நல்லாருக்கு,” என்றார். “இதில மீன் தப்பிப் போகாது. ஹார்பர்ல வேலைக்கு வா மேடம், கூலி வாங்கித் தரேன்.”

மேனேஜர் ஆனபோதுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்க்கவில்லை. அன்று மகள் வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னாள். டாக்டர் வந்தபோது அவரிடமும் சொன்னாள்.

அவள் இறந்த மாதத்தின் கடைசியில், வங்கியில் வேலை முடிந்த ஒரு சாயங்காலம் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். கவுண்டர்களுக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தது. கலூரில் வேலை பார்க்கும் மகள் என்னோடு வந்திருந்தாள். வங்கிக்காரர்கள் போக வந்தவர்களைப் பார்த்து நான் திகைத்துப் போனேன். திருப்பூணித்துறைச் செண்டைக் கூட்டம் பாதிக்கு மேல் வந்திருந்தது. ஆசாரியின் மகன் வந்திருந்தான். குஜராத்தித் தெருவிலிருந்து ஒரு குடும்பமே வந்திருந்தது. வலைக்காரப் பெண் கையில் மருந்துப் பட்டியோடு பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒருவருக்கொருவர் அறிமுகமே இல்லை. ஒவ்வொருவரும், ‘இவங்களுக்கும் மேடத்துக்கும் என்ன சம்பந்தம்?’ என்பது போல அடுத்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி நன்றாகத்தான் பேசினார். முப்பத்தைந்து வருட வேலையைச் சொன்னார். ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை என்றார். கடைசியில், “இத்தனை வேலைக்கு நடுவிலும் சில பொழுதுபோக்குகளுக்கும் அவர் நேரம் ஒதுக்கினார்” என்று முடித்தார். பிறகு, குடும்பத்தினர் யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார்கள். மகள் எழுந்திருக்கப் பார்த்தாள். அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு நான் எழுந்தேன்.

என் வாழ்நாளில் மைக்கைக் கையில் பிடித்ததில்லை. மலையாளத்தில் தொடங்கினேன், நாலு வரியில் தமிழுக்கு வந்துவிட்டேன், திரும்ப மலையாளம், எது எந்தப் பாஷை என்று எனக்கே தெரியவில்லை. சார் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் என்றேன். அவள் எதற்கும் நேரம் ஒதுக்கவில்லை, எல்லாமே அவள் நேரம்தான் என்றேன். முன்னொரு காலத்தில் நான் அவளை எதையும் உருப்படியாகச் செய்யாதவள் என்று திட்டியதைச் சொன்னேன். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மகள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பின் வரிசையைக் காட்டி, அந்த அம்மாவைக் கேளுங்கள், அவள் பின்னிய வலையில் மீன் தப்பாது என்று சொல்வார் என்றேன். செண்டைக்காரர்களைக் காட்டினேன். தாளம் தப்பி, அவளால் திரும்பி வந்த அந்தப் பிள்ளை இப்போது மீசையோடு அங்கே நின்றுகொண்டிருந்தான், அவனைக் காட்டினேன். இப்படி ஒவ்வொருவராகக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனேன்.

திரும்பி வரும் ஆட்டோவில் மகள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

“அப்பா, எவ்வளவு நேரம் பேசினீங்கன்னு தெரியுமா?”

“ரெண்டு நிமிஷம் இருக்கும்.”

“இருபத்தஞ்சு நிமிஷம். அந்த ஆபீசர் மைக்கை வாங்க மூணு தடவை வந்தார்.”

“பாத்தேன்,” என்றேன். “சொல்லி முடியலையே, எப்படிக் குடுப்பேன்?”